மெஷினும் சாஹித்தின் இடுப்பும்

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு பிளைவுட் பலகை சாய்த்து வைத்திருக்கும். நடுவில் நீளவாக்கில் ஓர் ஓட்டை. தினமும் காலையில் சாஹித் அதற்குள் தலையை விட்டு, தோளைச் சாய்த்து, மூச்சை முழுக்க வெளியே தள்ளி, மறுபக்கம் வந்து நிற்க வேண்டும். வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் சிவநேசன், "ஓகேலா தம்பி, டீ குடி, சீனி வேணாம்" என்பார். இடுப்பு உரசினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் நாங்கள் சர்க்கஸ் நடத்துகிறோம் என்று நினைப்பார்கள். நாங்கள் நடத்துவது கார்ப்பெட் கழுவும் தொழில்.

இது என்ன கூத்து என்று புரிய வேண்டுமானால் எங்கள் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோரியின் முதுகில் ஓர் எஞ்சின், பம்ப், தண்ணீரைச் சூடாக்கும் குழாய்கள், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டாங்கி. லோரி வெளியே நிற்கும். ஹோஸ் மட்டும் படியேறி உள்ளே போகும். சுடுதண்ணீரைக் கார்ப்பெட்டில் அடித்து, அடித்த கையோடு அழுக்கையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பல வருஷம் மூடி என்று எதுவும் இல்லாமல், குடலெல்லாம் வெளியே தெரிய, எண்ணெய் வழிய ஓடியது. பெல்ட் தேய்ந்தால் ஸ்பேனரை எடுத்தோமா, மாற்றினோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருந்தோம்.

அவமானம் ஒரு ஹோட்டலில் வந்தது. வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா எங்கள் லோரியைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் குப்பைத் தொட்டிக்கு அருகில் போய் நிறுத்தச் சொன்னார். மேனேஜர் ஒரு படி மேலே போய், "கழுவ வந்த வண்டியையே யாராச்சும் கழுவணும் போலயே" என்று சிரித்தார். சிவநேசன் அன்றிரவு சாப்பிடவில்லை. அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்தவர். அங்கே மெஷின்களெல்லாம் வெள்ளை வெளேர் என்று, கல்யாணப் பெண்கள் மாதிரி உட்கார்ந்திருக்குமாம்.

அடுத்த மாதம் முழுக்க எங்கள் மெஷினுக்குச் சட்டை தைக்கும் வேலைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை வளைத்து, பற்றவைத்து, பற்றவைத்த தடமே தெரியாமல் தேய்த்து, அதில் முகம் பார்த்துத் தலை சீவும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். ஒரு ஸ்க்ரூ கூட வெளியே கிடையாது. "ஸ்க்ரூ தெரிஞ்சா மூஞ்சியில பரு வந்த மாதிரி இருக்கும், குணா" என்றார். எனக்குக் குணவதி என்று பெயர் வைத்தவர்கள் என்னைப் பிறகு பார்த்திருந்தால் மாற்றியிருப்பார்கள். இருந்தாலும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் பொய் சொல்ல வேண்டும், அழகு எங்களுக்குச் சோறு போட்டது. கர்னி டிரைவ் பக்கத்துப் பணக்காரக் கொண்டோ வீடுகளில் இருந்து கூப்பிட்டார்கள். ஒரு சீனத் தம்பதி தங்கள் கல்யாண போட்டோவுக்கு மெஷின் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். பழைய ஹோட்டல் ஜாகா எங்களைப் பார்த்து சல்யூட் அடித்து, முன்வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். சிவநேசன் கையில் எப்போதும் ஒரு மெத்தென்ற துணி இருக்கும். மழை வந்தால் வண்டியை எடுக்க மாட்டார். தண்ணீர் மெஷின் மீது தண்ணீர் பட்டால் கறை விழுமாம்.

பெல்ட் அறுந்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. மூடிக்குக் கதவு இல்லை. மெஷினை முதலில் லோரியில் ஏற்றி வைத்து, அப்புறம் அதைச் சுற்றி மூடியைக் கட்டியிருக்கிறார் மனிதர். ஸ்பேனரோடு மெஷினை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"கதவு எங்க?" என்று கேட்டேன்.

"கதவு வெச்சா கோடு தெரியுமே."

"கோடு தெரிஞ்சா?"

"அப்புறம் என்ன அழகு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன். இது பிள்ளையாரையே பிடித்துவிட்டு, கர்ப்பக்கிரகத்துக்கு வாசல் வைக்க மறந்த கதை. பின்பக்கம் அடியில், ஹோஸ்கள் வெளியே வருவதற்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார். அதற்குள் அவர் தலை போனது, வயிறு போகவில்லை. எனக்குத் தோளே போகவில்லை, மற்றதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த நேரத்தில் புது பெல்ட்டைப் பார்சலில் கொண்டுவந்தவன்தான் சாஹித். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பார்சலை நீட்டிக்கொண்டு நின்றான். சிவநேசன் பார்சலைப் பார்க்கவில்லை. அவன் இடுப்பைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் திரும்பி நில்லு."

பயந்துபோய்த் திரும்பினான். அரைமணி நேரத்தில் அவன் மெஷினுக்குள் இருந்தான். டார்ச் வெளிச்சத்தில் அவன் கை எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. இவர் வெளியே படுத்துக்கொண்டு, "இடது பக்கம் கைய நீட்டு, சூடா ஒண்ணு இருக்கா? அத தொடாத" என்று கத்திக் கத்தியே பெல்ட்டை மாட்டவைத்தார். பார்சல் வேலையைவிட நல்ல சம்பளம் தருகிறேன் என்றதும் சாஹித் எங்களோடு தங்கிவிட்டான். இடைவெளியின் அளவுக்கே பலகையில் ஓட்டை வெட்டப்பட்டது. கார்ப்பெட் கழுவும் வேலையை அவனுக்குக் கொடுக்கவே இல்லை. உழைத்தால் பசிக்கும், பசித்தால் சாப்பிடுவான் என்பது சிவநேசன் கணக்கு.

இதுவரைக்கும்கூடச் சமாளித்துவிடலாம். சாஹித்துக்குக் கல்யாணம் நிச்சயமானதுதான் வினை.

பெண் அமீரா, ஒரு பல் டாக்டரிடம் கிளார்க். அவள் அப்பா ஷேக் அலாவுதீன், டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் பிறர் வயிறு காலியாக இருப்பதைத் தாங்காத மனிதர். ஹரி ராயா பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவானது. நானா ஒரே நிபந்தனை வைத்தார்: மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். வேலை போனால் பேச்சும் போச்சு.

வேலை நிலைக்க இடுப்பு நிலைக்க வேண்டும். நானாவோ மருமகனாக வரப்போகிறவனை வாரம் தவறாமல் விருந்துக்கு உட்காரவைத்தார். கோழி, மீன் தலை, கணவாய், எல்லாக் குழம்பும் கலந்து சோறு முழுக ஊற்றும் பாஞ்சிர். தட்டு காலியாவதற்குள் அடுத்த அகப்பை விழும்.

"நாசி கண்டார் கடைக்காரனுக்கு மருமகன் கருவாடா இருந்தா ஊரு என்ன சொல்லும், தங்கச்சி?" என்று என்னிடமே கேட்டார். "மாமனார் கடைச் சோத்த மருமகனே சீந்தலன்னு சொல்லுமா இல்லயா?"

"அவன் குண்டானா என் பொழப்பு போச்சு நானா" என்பார் சிவநேசன்.

"அவன் ஒல்லியா இருந்தா என் கடை போச்சு தம்பி" என்பார் நானா.

இரண்டு பேரும் சண்டை போட்டது அவன் வயிற்றுக்காக. வயிற்றுக்குச் சொந்தக்காரன் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் "சரிண்ணே", அந்தப் பக்கம் "சரி மாமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். வெள்ளி இரவு விருந்து தின்றுவிட்டு சனி ஞாயிறு முழுக்கப் பட்டினி கிடப்பான். திங்கட்கிழமை பலகைக்குள் நுழையும்போது அவன் கண்ணில் தண்ணீர் நிற்கும். எனக்குப் பாவமாக இருக்கும். பாவம் பார்த்தால் மெஷின் ஓடாதே என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

நோன்புக்கு முன்னால் பள்ளிவாசல் கார்ப்பெட்டைக் கழுவும் வேலையை நானாதான் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சின்னப் பள்ளியின் கமிட்டியில் அவரும் ஒருவர். ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. தினமும் மழைத் தூறல், சிவநேசன் லோரியை வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் வெயில் அடித்தது பிறை பார்க்கிற நாளன்றுதான். பிறை தெரிந்தால் அன்றிரவே தராவீஹ் தொழுகை.

மதியம் வேலையை ஆரம்பித்தோம். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹோஸைப் பிடித்தேன். பாதிக் கூடம் பச்சைப் பசேல் என்று தெளிந்தது. மீதிப் பாதியில் ஷாம்பு நுரையைத் தெளித்து ஊறவைத்து, உறிஞ்ச ஆரம்பிக்கும் நேரம் பார்த்து வெளியே டப்பென்று ஒரு சத்தம். கையில் ஹோஸ் செத்துப் போனது.

"பெல்ட்டு" என்றார் சிவநேசன். "சாஹித்தக் கூப்பிடு."

சாஹித் வந்தான். கையில் நாசி கண்டார் வாசம் அடித்தது. மறுநாள் நோன்பு ஆரம்பித்துவிடுமே என்று நானா பதறி, ஒரு மாதத்துச் சோற்றை அன்றைக்கே ஊட்டிவிட்டிருக்கிறார். அவன் சட்டையில் கடைசிப் பட்டன் திறந்து கிடந்தது.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு சாஹித் இடைவெளியில் தலையை விட்டான், தோளை விட்டான், அங்கேயே நின்றுவிட்டான். சிவநேசன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கார்ப்பெட் ஷாம்பு போத்தலைத் திறந்து அவன் வயிற்றைச் சுற்றித் தடவினார். இரண்டு கையாலும் காலைப் பிடித்துத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு முழு ஆளும் உள்ளே போய்விட்டான்.

"பாத்தியா!" என்றார் என்னிடம்.

பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "பெல்ட்டு மாட்டியாச்சுண்ணே" என்று குரல் வந்தது. அப்புறம், "வெளிய வர முடியலண்ணே" என்றும் வந்தது.

உள்ளே இருந்த சூட்டில் ஷாம்பு காய்ந்து பசையாகியிருந்தது. இழுத்துப் பார்த்தோம். கத்தினான். ஆள் உள்ளே இருக்கும்போது எஞ்சினை ஓட்ட முடியாது. எஞ்சின் ஓடாமல் கூடத்து நுரையை எடுக்க முடியாது. அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் வராந்தாவில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு, ஒவ்வொருவராக லோரியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் தீயணைக்கும் போம்பாவைக் கூப்பிடலாம் என்றார்.

"போம்பா வேணாம்!" சிவநேசன் துணியோடு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். "அவங்க வந்தா மொதல்ல மூடிய வெட்டிடுவாங்க."

"வெட்டாம எப்படிலா எடுப்ப?" என்றேன்.

"நாளைக்கு நோன்புதானே? சாப்பிட மாட்டான். தன்னால மெலிஞ்சு வந்துருவான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷம் இந்த மனிதனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்த நிமிஷம் அவரை அந்த ஹோஸாலேயே அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

அதற்குள் நானா ஓடிவந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ள எப்ப சாப்பிட்டுச்சு?"

"மத்தியானம், உங்க கடையிலதான் நானா" என்றேன்.

"அப்ப பசிக்கும்." கடைக்குப் போன் போட்டு ஒரு புங்குஸ் சோறு கட்டிக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, உருண்டை பிடித்து, இடைவெளி வழியாகக் கையை விட்டு ஊட்ட ஆரம்பித்தார். "வாயத் தொற மாப்ள. கோழி ஈரல்."

"நானா, ஊட்டாதீங்க! இன்னும் பெருத்துருவான்!" சிவநேசன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இவர் இழுக்க, அவர் நீட்ட, குழம்பு மெஷின் மீது சிந்தியது. சிவநேசன் அலறிக்கொண்டு முதலில் குழம்பைத் துடைத்தார்.

எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. எதிர்ச்சாரியில் கூரைத் தகரம் அடிக்கும் கடை இருந்தது. போய்த் தகரம் வெட்டும் கத்தரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது வாசலில் அமீரா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். கிளினிக் சட்டையைக்கூட மாற்றவில்லை. என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் என்னோடு நடந்தாள்.

"தள்ளுங்க" என்றேன் சிவநேசனிடம்.

அவர் தள்ளவில்லை. ஆனால் முதலில் எதிர்ப்புச் சொன்னது அவரில்லை. உள்ளேயிருந்து சாஹித் கத்தினான்.

"அக்கா, வெட்டாதீங்க!"

"பைத்தியமாடா உனக்கு? உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"வெட்டுனா அது கதவு ஆயிரும் அக்கா. கதவு வந்துச்சுன்னா யாரு வேணும்னாலும் பெல்ட்டு மாட்டலாம். அப்புறம் நான் எதுக்கு?"

தகட்டுக்குள்ளேயிருந்து அவன் குரல் தகரத்தில் பேசுவது போலக் கேட்டது. "வேலை இல்லன்னா மாமா பொண்ணு தர மாட்டாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சது நுழையறது மட்டும்தான். கொஞ்சம் பொறுங்க, நான் மூச்ச விட்டுப் பாக்குறேன்."

விட்டுப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றோம். ஒன்றும் நகரவில்லை. சிவநேசன் துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அண்ணே" என்றாள் அமீரா. அதுவரை பேசாதவள். "அவரு உள்ள இருக்காரு."

அவ்வளவுதான் சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சிவநேசன் அதை அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். லோரியின் முன்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் இருந்தன.

"வெட்டு" என்றார். குரல் உடைந்திருந்தது. "கோணலா மட்டும் வெட்டாத, குணா. நான் கோடு போட்டுத் தரேன்."

போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, மூலைகளை லேசாக வளைத்து, பார்க்க லட்சணமாக ஒரு கோடு. "தம்பி, அந்தப் பக்கம் ஒதுங்கிக்க" என்று உள்ளே சொல்லிவிட்டு, ஈரக் கார்ப்பெட் துண்டு ஒன்றை இடைவெளி வழியாகத் தள்ளி, அவனை மூடிக்கொள்ளச் சொன்னார். நான் வெட்டினேன். ஸ்டீல் லேசில் அறுபடவில்லை. கைமாற்றிக் கைமாற்றி நான், நானா, தகரக் கடைக்காரர் என்று வெட்டி முடித்து, தகட்டை வளைத்துத் திறந்தோம். சாஹித் நுரையும் கிரீஸும் குழம்பும் பூசிக்கொண்டு லோரியின் தளத்தில் உருண்டு விழுந்தான். எழுந்து உட்கார்ந்து, வெளிச்சத்தில் மெஷினின் உள்பக்கத்தைப் பார்த்தான்.

"இவ்ளோதானா இது?" என்றான்.

சிவநேசன் குனிந்து, கையை உள்ளே விட்டு, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அவன் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தான். கழற்றித் திருப்பிப் போட இரண்டே நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை காலமும் ஒரு மனிதனைப் பட்டினி போட்டோம்.

எஞ்சின் ஓடியது. சாஹித் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான், தலை குனிந்து. நானா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது.

"ஏன் நிக்கிற? ஹோஸப் பிடி" என்றேன் சாஹித்திடம். "பாதிக் கூடம் கெடக்கு."

"எனக்குக் கழுவத் தெரியாதே அக்கா."

"உன் முதலாளிக்கு மெஷினுக்கு மூடி செய்யத் தெரியாது. செஞ்சாரா இல்லயா?"

ஹோஸின் நுனியை எடுத்துச் சிவநேசனே சாஹித் கையில் கொடுத்தார். முதல் இரண்டு வரிசை பாம்பு போனது போல இருந்தது. மூன்றாவதில் கை நேராகிவிட்டது. சட்டை நனைய நனைய, கூடத்தின் மறுகோடி வரைக்கும் அவன்தான் இழுத்து முடித்தான். காத்தாடிகளைப் போட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. "நாளையிலேர்ந்து கழுவுற ஆளு இவன்தான் நானா" என்று நான் சொன்னேன். நானா சிவநேசனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். நானாவுக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப இனிமே மாப்ள வயிறாரச் சாப்பிடலாம்!" என்று மிச்சமிருந்த பொட்டலத்தை ஒரு தட்டில் கொட்டி, மேலே ஒரு கோழிக்காலை வைத்து, படியில் உட்கார்ந்திருந்த சாஹித் கையில் கொடுத்தார்.

சாஹித் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். சிவநேசனைப் பார்த்தான். நானாவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "சாப்பிடலாமா அக்கா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அமீரா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்குப் பசிக்குதா?"

யோசித்தான். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தான். இரண்டு பெரிய மனிதர்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"தெரியலயே, அமீரா" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் தட்டைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, கோழிக்காலை எடுத்துக் கடித்தாள்.

"தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றாள்.